கொழும்பில் மரத்தரை: நிறத்துக்கு முன் ஈரத்தைப் பாருங்கள்

மரத்தரை போட நினைப்பவர்கள் அநேகமாக நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். தேக்கின் பொன்னிறமா, மகோகனியின் சிவப்பா, ஓக்கின் வெளிறிய நிறமா என்று மாதிரித் துண்டுகளை வைத்து வைத்துப் பார்ப்பார்கள். பலகையில் எத்தனை வீதம் ஈரம், கீழேயுள்ள சீமெந்தில் எவ்வளவு ஈரம், அது ஏசி அறையா காற்றாடி அறையா என்ற மூன்று கேள்விகளையும் கேட்க ஆளிருக்காது. கொழும்பில் ஒரு மரத்தரை ஏன் பழுதானது என்று தேடிப்போனால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும். அதனால் நிறத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஈரத்திலிருந்து தொடங்குகிறேன்.

மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். அரிந்து, உலர்த்தி, வார்னிஷ் பூசிய பிறகும் இது நிற்பதில்லை, வேகம்தான் குறையும். காற்றின் ஈரப்பதன் 80 வீதமாக உள்ள இடத்தில் நெடுநாள் கிடக்கும் பலகை 15 அல்லது 16 வீத ஈரத்தில் வந்து நிற்கும். 70 வீதக் காற்றில் ஏறக்குறைய 13 வீதம். ஏசி தொடர்ந்து ஓடி, காற்று 55 வீதத்தில் இருக்கும் அறையில் 10 வீதம். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் கடற்பக்கம் யன்னல் திறந்த ஹோலும், இரவு முழுக்க ஏசி ஓடும் படுக்கையறையும் ஒரே வீட்டுக்குள் இருந்தாலும் மரத்துக்கு இரண்டு வேறு ஊர்கள்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். தட்டையாக அரிந்த தேக்குப் பலகையின் ஈரம் ஒரு வீதம் மாறினால் அதன் அகலம் சுமார் 0.19 வீதம் மாறும். 120 மில்லிமீற்றர் அகலப் பலகை 10 வீதத்திலிருந்து 14 வீதத்துக்கு ஏறினால் 0.9 மில்லிமீற்றர் விரியும். நான்கு மீற்றர் அகல அறையில் அப்படி 33 பலகைகள் இருக்கும். எல்லாம் சேர்ந்தால் 30 மில்லிமீற்றர். சுவரோரம் பக்கத்துக்கு 10 மில்லிமீற்றர் இடைவெளி விட்டிருந்தால் இரண்டும் சேர்த்து 20தான். மிச்சத்துக்குப் போக இடமில்லை, தரை நடுவில் எழும்பும். ஓக் இதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். நீளவாட்டில் மரம் கணக்கில் எடுக்கும் அளவுக்கு மாறாது. ஆண்டு வளையங்கள் நிமிர்ந்து நிற்கும்படி அரிந்த பலகை, தட்டையாக அரிந்ததில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் விரியும். அகலம் குறைந்த பலகையில் அதே விரிவு பல மூட்டுகளுக்குப் பிரிந்துபோவதால் இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. அகலப் பலகை இப்போது நாகரிகமாக இருக்கலாம். திட மரத்தில், அதாவது முழுத் தடிப்பும் ஒரே மரமான பலகையில், 90 மில்லிமீற்றருக்கு மேல் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

மொறட்டுவையிலோ வேறெங்கோ அரிந்து நிழலில் அடுக்கிக் காயவைத்த மரம், எத்தனை வருடம் கிடந்தாலும் 14, 15 வீதத்துக்குக் கீழே இறங்காது. அங்குள்ள காற்று அதற்கு மேல் இறங்க விடாது. “நல்லாக் காஞ்ச பலகை அண்ணா, பயப்பிட வேண்டாம்” என்று கடைக்காரர் சொல்வது பொய்யல்ல. காற்றாடி மட்டும் உள்ள அறைக்கு அது சரியாகவே இருக்கும். ஏசி அறையில் போட்டால் சில மாதங்களில் ஒவ்வொரு மூட்டிலும் கோடு விழும். மறுபக்கம், ஐரோப்பாவிலிருந்து வரும் பல்லடுக்குப் பலகை (மேலே மெல்லிய மரம், கீழே ஒட்டுப்பலகை) தொழிற்சாலையை விட்டு வெளியேறும்போது 5 முதல் 9 வீத ஈரத்தில் இருக்கும். அதைத் திறந்த ஹோலில் போட்டால் விரியத்தான் செய்யும்.

மரத்தின் ஈரத்தை அளக்கும் ஊசி மீற்றர் ஒன்றை வாங்குங்கள், அல்லது தரை போடும் பாஸிடம் இருக்கிறதா என்று வேலை பேசும்போதே கேளுங்கள். பலகையின் மேற்பரப்பில் குத்திப் பார்ப்பது போதாது. ஒரு பலகையை எடுத்து, முனையிலிருந்து ஓர் அடி தள்ளி அறுத்து, புதிதாக வெட்டுப்பட்ட முகத்தின் நடுவில் ஊசியைக் குத்துங்கள். முனையும் மேற்பரப்பும் விரைவாகக் காய்ந்துவிடும். நடுப்பகுதி சொல்லும் எண்ணே உண்மை. மேலே 11, நடுவில் 17 என்று காட்டும் பலகை இன்னும் காயவில்லை. மீற்றரில் மர வகையைத் தெரிவு செய்யும் வசதி இருந்தால் அதையும் சரியாக வையுங்கள். ஒவ்வொரு பலகைக் கட்டிலும் இரண்டு மூன்று பலகைகளைப் பாருங்கள். இரவில் ஏசி, பகலில் திறந்த யன்னல் என்று பாவிக்கும் அறைக்கு 11 முதல் 12 வீதம், காற்றாடி மட்டும் உள்ள அறைக்கு 13 முதல் 14 வீதம், பலகைக்குப் பலகை வித்தியாசம் 2 வீதத்துக்கு மேற்படாமல். சூளையில் உலர்த்திய மரமே ஆனாலும், திறந்த கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்திருந்தால் மீண்டும் ஈரம் ஏறியிருக்கும்.

வீட்டுக்கு வந்த திட மரத்தை, அது போடப்போகும் அறையிலேயே இடையிடையே ரீப்பைக் குச்சி வைத்து அடுக்கி, இரண்டு கிழமையாவது விடுங்கள். அந்த அறையை நீங்கள் எப்படிப் பாவிப்பீர்களோ அப்படியே வைத்திருக்க வேண்டும்: ஏசி போடுவீர்களானால் ஏசியோடு. பக்கத்து அறையில் மேசன் சாந்து பூசிக்கொண்டிருக்கும்போது பலகையைக் கொண்டுவந்து அடுக்கினால், சாந்தின் ஈரத்தை மரம் குடிக்கும். பல்லடுக்குப் பலகைக்குப் பெட்டி பிரிக்காமல் இரண்டு மூன்று நாள் போதும்.

எந்த வகை

திட மரம் 18 முதல் 20 மில்லிமீற்றர் தடிப்பில் வரும். பல தடவை தேய்த்துப் புதுப்பிக்கலாம், தலைமுறை தாண்டும், ஆனால் ஈரத்துக்கு அதிகமாக அசையும். பல்லடுக்குப் பலகையில் மேலே உண்மையான மரம் 2 முதல் 6 மில்லிமீற்றர், கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ஒட்டுப்பலகை. மொத்தம் 14, 15 மில்லிமீற்றர். குறுக்கு அடுக்கு மேலடுக்கைப் பிடித்து வைத்திருப்பதால் அசைவு மிகக் குறைவு. ஒரு தடவை தேய்க்கும்போது அரை முதல் ஒரு மில்லிமீற்றர் போய்விடும் என்பதால், மேலடுக்கு 3 மில்லிமீற்றருக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள சிறு குச்சிகளை வலையில் ஒட்டி வரும் மொசைக் பார்க்கே மலிவு, உயரமும் குறைவு. ஒவ்வொரு துண்டும் சிறியது என்பதால் விரிவு சிதறிப் போய்விடும். பழைய பாணி என்று அதை ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. லெமினேட் என்பது மரத்தூளை அழுத்திய பலகையின் மேல் படம் ஒட்டியது. மூட்டில் தண்ணீர் இறங்கினால் ஊதும், தேய்த்துப் புதுப்பிக்கவும் முடியாது. கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்பிசி மரமே அல்ல, ஆனால் தண்ணீரைத் தாங்கும். குசினிக்கும் வாசலுக்கும் மரம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அதுவே வழி, இல்லையென்றால் மாபிளே இருக்கட்டும்.

தொடர்மாடிக்கு மேலடுக்கு 3, 4 மில்லிமீற்றர் உள்ள பல்லடுக்குப் பலகையைத் தரையோடு ஒட்டுவது. தனி வீட்டுக்கு 60, 70 மில்லிமீற்றர் அகலத் தேக்குக் கட்டைகள். என் தெரிவு இவ்வளவுதான்.

மர வகையில் தேக்கை மிஞ்சுவது கடினம்: அசைவு குறைவு, எண்ணெய்ப் பிடிப்பு உண்டு, கறையான் எளிதில் தொடாது. இவையெல்லாம் மரத்தின் நடுவிலுள்ள வைரப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். ஓரத்தில் வெளிறிய வெள்ளைப் பகுதி உள்ள பலகையை உளுக்கும் வண்டு விரும்பி வரும். மாவு போன்ற மெல்லிய தூள் பலகையருகே கிடந்தால் அந்தப் பலகைக் கட்டு முழுவதையும் திருப்பி அனுப்புங்கள். மலேசியப் பக்கமிருந்து வரும் மெர்பாவ் நல்ல கடினம், ஆனால் நனைந்தால் செம்பழுப்புச் சாறு கசியும். பக்கத்துச் சுவருக்கு அது கறை. பலா அழகாக இருக்கும், முதலில் மஞ்சளாக இருந்து வெளிச்சத்தில் செம்பழுப்பாகும். சொந்த வளவில் நிற்கும் பலாவை அரிந்து தரை போட நினைப்பவர்கள் கவனிக்க: 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அதை வெட்ட அனுமதி பெற வேண்டும். பழைய வீடு உடைக்கும் இடத்தில் தேக்கு வளைகளும் பலகைகளும் கிடைத்தால் விடாதீர்கள். அரிவதற்கு முன் காந்தமோ உலோகம் காட்டும் கருவியோ கொண்டு ஆணியைத் தேடி எடுத்துவிட வேண்டும். ஒரு துருப்பிடித்த ஆணி வாளின் பல்லையே கொண்டுபோய்விடும்.

கீழே உள்ள சீமெந்து

செலவைக் குறைக்கக் கூடாத இடம் இது. புதிய சாந்துத் தரை முதல் 50 மில்லிமீற்றருக்கு நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதமும், அதற்கு மேல் அரை மில்லிமீற்றர் வீதமும் உலரும் என்பது பிரித்தானியக் கட்டடத் தொழிலின் கணக்கு. 50 மில்லிமீற்றருக்கு ஏழு கிழமை, 75க்கு நூறு நாள். அதுவும் நல்ல காற்றோட்டமும் வறண்ட காற்றும் இருந்தால்தான். மரம் ஒட்டுவதற்குக் கொங்கிரீட்டின் உள்ளே ஈரப்பதன் 75 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. வெளிக்காற்றே 80 வீதமாக இருக்கும் நகரத்தில், அறையை மூடி ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓட்டாமல் அந்த 75க்கு இறங்குவது எப்படி? காலம் போனால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஈரத்தடுப்புப் போட்டே ஆக வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. 18 அங்குலச் சதுரமாகத் தெளிந்த பொலித்தீன் வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ரேப் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கள். வெயில் நேரே படாத இடமாக இருக்கட்டும், மூன்று நான்கு இடங்களில் செய்யுங்கள்; குளியலறைச் சுவரோரமும் வெளிச்சுவரோரமும் அதில் கட்டாயம். தூக்கிப் பார்க்கும்போது உள்பக்கம் நீர்த்துளி இருந்தாலோ, சீமெந்து சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. எதுவும் தெரியாவிட்டால் காய்ந்துவிட்டது என்று எடுக்கக் கூடாது. ஆழத்தில் இருப்பதை இந்தச் சோதனை காட்டாது. ஆழத்தை அறிய, தடிப்பில் 40 வீத ஆழத்துக்குத் துளையிட்டு உள்ளே வைக்கும் உணர்கருவி வேண்டும். பெரிய ஹோல் என்றால் அந்தச் செலவு தகும்.

ஈரத்தடுப்புக்கு ஈரம் தாங்கும் இரு கூறு எபொக்சி பிரைமர் இரண்டு கோட், கோட் ஒன்றுக்குச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 300 கிராம். முதல் கோட் கையில் ஒட்டாத நிலைக்கு வந்ததும், 24 மணித்தியாலத்துக்குள் இரண்டாவது. இரண்டாவது ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த நுண்மணலைத் தாராளமாகத் தூவி, மறுநாள் ஒட்டாததைக் கூட்டி எடுங்கள். பசை பிடிக்க அந்தச் சொரசொரப்புத்தான் உதவும். பழைய வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரையில் வருடக்கணக்காக ஊறிய மெழுகு பொலிஷ் இருக்கும். அதை இயந்திரத்தால் அரைத்து எடுக்காமல் எபொக்சி பூசினால் தகடாக உரியும். மாபிள் ஓடுகளின் மேல் ஒட்டுவதானால் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டி, வெறும் சத்தம் கேட்பதைக் கழற்றி நிரப்பி, மினுக்கத்தை அரைத்த பிறகே பிரைமர்.

அடுத்தது மட்டம். மேசனின் இரண்டு மீற்றர் அலுமினியம் மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். கீழே 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. மேட்டை அரைக்க வேண்டும், பள்ளத்தைத் தானாகச் சமனாகும் கலவையால் நிரப்ப வேண்டும். பசையைத் தடிப்பாகப் பூசிப் பள்ளத்தை மறைப்பது நடக்கும் காரியமல்ல: பசை உலரும்போது சுருங்கிப் பலகையைக் கீழே இழுக்கும், அல்லது இடையில் வெற்றிடம் விட்டு நடக்கும்போதெல்லாம் டொக் டொக்கென்று கேட்கும்.

நிலத்தோடு உள்ள தளமானால் கறையானுக்கும் இப்போதே மருந்து. சுவரும் தரையும் சந்திக்கும் கோட்டில் அடிக்கு ஒரு துளையாக 12 மில்லிமீற்றர் துளையிட்டு, துளைக்கு ஒரு லீற்றர் வீதம் மருந்து செலுத்தி அடைப்பது வழக்கமான முறை. ஈரத்தடுப்புக்கு முன்பு இதைச் செய்ய வேண்டும். பிறகு துளையிட்டால் தடுப்பே ஓட்டையாகிவிடும். ரீப்பை அடித்து அதன் மேல் பலகை ஆணியடிக்கும் பழைய முறையை நிலத்தளத்தில் நான் விரும்புவதில்லை. பலகைக்கும் சீமெந்துக்கும் இடையிலுள்ள இருட்டு கறையானுக்கு வசதியான பாதை. கட்டாயம் அப்படித்தான் என்றால் போரன் மருந்து ஊறிய ரீப்பை, கீழே 1000 கேஜ் பொலித்தீன் சுவரில் மடித்து ஏற்றியபடி, கடற்கரைப் பக்கம் துருப்பிடிக்காத எஃகு ஆணி.

அளவும் ஒட்டும் வேலையும்

12க்கு 14 அடி அறை என்றால் 168 சதுர அடி, ஏறக்குறைய 15.6 சதுர மீற்றர். நேர்வரிசையாகப் போட வெட்டுக் கழிவுக்கு 8 வீதம் கூட்டி 182 சதுர அடி. மீன்முள் வடிவத்துக்கு 15 வீதம் கூட்டி 194. பசை சதுர மீற்றருக்கு 1.2 கிலோ வீதம் 19 கிலோ. எபொக்சி இரண்டு கோட்டும் சேர்த்து 9.5 கிலோ. சமனாக்கும் கலவை 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு 80 கிலோ, அதாவது 25 கிலோ மூடை நான்கு. வீட்டிலேயே பூச்சுப் பூசுவதானால் மூன்று கோட்டுக்கு 5 லீற்றருக்குச் சற்று மேல். 15 மில்லிமீற்றர் பல்லடுக்குப் பலகையானால் தடிப்பும் பசையும் சேர்ந்து தரை 17 மில்லிமீற்றர் உயரும். எல்லாக் கதவுகளின் அடியையும் முன்பே அளந்து பாருங்கள்.

வெள்ளைத் தச்சுப்பசை இதற்கு ஆகாது. அதிலுள்ள தண்ணீரே பலகையை ஊதவைக்கும். பொலியூரித்தேன் பசை அல்லது சிலேன் வகைப் பசை வேண்டும். இரண்டும் காற்றின் ஈரத்தால் இறுகுபவை என்பதால் கொழும்பில் தகரத்தில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்பே மேலே தோல் கட்டும். இருபது நிமிடத்தில் மூடக்கூடிய இடத்துக்கு மட்டும் பல்வெட்டுக் கரண்டியால் பூசுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றைச் செய்யலாம்: அப்போதுதான் பதித்த ஒரு பலகையைத் தூக்கச் சொல்லிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பசை வரிகள் நசுங்கி முதுகில் பெரும்பகுதி நனைந்திருந்தால் சரி. வரிகளின் உச்சி மட்டும் மெல்லிய கோடாகப் பட்டிருந்தால் கரண்டியின் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது பசை தோல் கட்டிவிட்டது. பலகையின் முகத்தில் பட்ட பசையை உடனே துடைக்க வேண்டும். இறுகினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், பூச்சும் சேர்ந்து வரும்.

முதல் வரிசை நூல் கட்டி நேராக்கிய கோட்டில் போக வேண்டும், சுவரை நம்பக் கூடாது. சுவரோரம் ஆப்பு வைத்து 12 முதல் 15 மில்லிமீற்றர் இடைவெளி. தூணைச் சுற்றியும் கதவு நிலையடியிலும் அதே அளவு. அடுத்தடுத்த வரிசைகளின் முனை மூட்டுகள் ஓர் அடியாவது தள்ளி வர வேண்டும். இடைவெளி அசிங்கமாக இருக்கிறதென்று சாந்து வைத்து அடைத்துவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு, பக்கத்தில் நில்லுங்கள். சுவரடிப் பலகை அதை மறைக்கும், அதையும் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல.

மீன்முள் வடிவத்தை அறையின் நடுக்கோட்டிலிருந்து தொடங்குங்கள். கூடைப்பின்னல் வடிவமானால் துண்டுகளின் அளவை முதலில் சோதியுங்கள்: 350 மில்லிமீற்றர் நீளத் துண்டுக்கு 70 மில்லிமீற்றர் அகலத் துண்டுகள் ஐந்தைப் பக்கம் பக்கமாக வைத்தால் சரியாக 350 வர வேண்டும். ஒரு சதுரத்தில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் பத்தாவது சதுரத்தில் விரல் நுழையும்.

தேய்ப்பும் பூச்சும்

பூச்சில்லாமல் வந்த பலகையானால், பசை இறுக இரண்டு மூன்று நாள் விட்டு, 40, 60, 80, 120ஆம் இலக்கத் தேய்ப்புத் தாள்களால் அதே வரிசையில் தேய்க்க வேண்டும். இடையில் ஒன்றைத் தாண்டினால் முந்தையதின் கோடுகள் வார்னிஷ் பட்டதும் பளிச்சென்று தெரியும். தேக்கின் எண்ணெய் சில பூச்சுகளை உலர விடாது. தேய்த்த அன்றே தேக்குக்கென்றுள்ள பிரைமரைப் பூசி, மூலையில் ஒரு சதுர அடியில் சோதித்துப் பாருங்கள். அடைமழை நாளில் பூசினால் பூச்சு வெண்மையாக மங்கக்கூடும். ஜனவரி முதல் மார்ச் வரை இந்த வேலைக்குக் கொழும்பில் நல்ல காலம். கால் வைக்க ஒரு நாள், தளபாடம் ஏற்ற ஒரு கிழமை, கம்பளம் விரிக்க இரண்டு கிழமை.

தரை போட்ட பிறகு பலகையின் ஓரங்கள் உயர்ந்து நடு குழிந்தால், கீழிருந்து ஈரம் வருகிறது. உடனே இயந்திரம் கொண்டு ஓரத்தைத் தேய்க்கச் சொல்வார்கள், விடாதீர்கள். ஈரம் வரும் இடத்தை நிறுத்தியபின் பலகை மெல்லத் தன் நிலைக்குத் திரும்பும். முன்பே தேய்த்திருந்தால் ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். ஏசியின் நீர்க்குழாய் அடைபட்டுச் சுவருக்குள் கசிவதும், குளியலறை வாசலும்தான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

கடற்பக்க வீடுகளில் பின்னேர வெயிலும் தென்மேற்குப் பருவ மழையும் ஒரே மேற்குப் பக்கத்திலிருந்து வரும். பல்கனிக் கதவோரம் முதல் ஒன்றரை அடிக்கு மாபிளை விட்டு, அதன் பிறகு மரத்தைத் தொடங்குவது நல்லது. சாமியறையில் மரம் வேண்டாம்: குத்துவிளக்கு எண்ணெய், மஞ்சள் தண்ணீர், ஈரமாவுக் கோலம் எல்லாம் மூட்டுக்குள் இறங்கும். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கமும் இந்த அறைகளில் நிற்க வேண்டும். மெல்லிய தும்புத்தடியால் மணலைக் கூட்டி, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். நடையோரத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஒரு துளி தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். துளி உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. மரம் கறுத்தால், முழுத் தரையையும் உரிக்கும் நிலை வரும் முன் 150ஆம் இலக்கத் தாளால் லேசாக உரசி, அதே வகைப் பூச்சில் ஒரு கோட் போட்டுவிடுங்கள்.